திருக்கடையூர் டிவிடி: ஒரே விசேஷம், அஞ்சு வீடு, அஞ்சு விதமான கோளாறு

2008ல எங்க மாமாவுக்கு அறுபதாம் கல்யாணம் திருக்கடையூர்ல வச்சு நடந்துச்சு. அபிராமி கோயில்ல காலையில ஹோமம், கலச தண்ணி ஊத்துறது, மறுபடி தாலி கட்டுறதுன்னு எல்லாம் முடிஞ்சு மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னாடி ஆச்சி, அதாவது மாமாவோட அம்மா, அப்ப அவங்களுக்கு எண்பது தாண்டியிருச்சு, மண்டபத்து ஓரத்துல உக்காந்து மகனையும் மருமகளையும் பக்கத்துல கூப்பிட்டு ஒரு பாட்டு பாடினாங்க. ஸ்டூடியோக்காரர் அந்த நேரம் சாப்பிட போயிட்டாரு. மாமா பையன், எனக்கு அத்தான், கையில ஒரு டிவிடி ஹேண்டிகேம், அதாவது சின்ன டிவிடிலயே நேரா பதியற வீடியோ கேமரா இருந்துச்சு, அவரு மட்டும்தான் அத புடிச்சாரு. இத முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா கடைசியில எல்லாம் அந்த பாட்டுல தான் வந்து நிக்கும்.

ஸ்டூடியோ வீடியோ மினிடிவி டேப்ல, அதாவது வீடியோ கேமராவுல போடற சின்ன டிஜிட்டல் கேசட்டுல இருந்துச்சு, மூணு டேப்பு, ஒண்ணு ஒரு மணி நேரம். நான் அப்ப கம்ப்யூட்டர்ல கொஞ்சம் கை வச்சுக்கிட்டு இருந்ததால "நீயே வீட்ல ரைட் பண்ணி எல்லாருக்கும் ஒண்ணொண்ணு குடுத்துரு"ன்னு அத்தை சொல்லிட்டாங்க. நாலு வீட்டுக்கு டிஸ்க்கா போச்சு, ஒரு வீட்டுக்கு ஃபைலா போச்சு. அஞ்சு வீட்லயும் ஏதோ ஒரு டிஸ்க் சரியா ஓடல. எல்லாரும் சொன்னது ஒரே வார்த்தை, "டிஸ்க் ஓடலடா". ஆனா ஒவ்வொரு வீட்லயும் அதுக்கு காரணம் வேற வேற, நான் அத புரிஞ்சுக்க ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. "ஓடல"ங்கறது ஒரு கோளாறோட பேர் இல்ல, எந்த படியில நிக்குதுன்னு கேக்காம மறுபடி மறுபடி ரைட் பண்ணா காசும் டிஸ்க்கும்தான் போகும், நான் அப்படி இருபது டிஸ்க்காச்சும் வீணாக்கினேன். அதனால நடந்தத நடந்தபடியே எழுதுறேன்.

முதல்ல வீடியோவ எப்படி டிவிடி ஆக்கினேன்னு சொன்னா தான் மத்தது புரியும். மினிடிவி டேப்ப பயர்வயர் ஒயர் போட்டு கம்ப்யூட்டர்ல இறக்கினா ஒரு மணி நேரத்துக்கு கிட்டத்தட்ட 13 ஜிபி வரும், மூணு டேப்புக்கு 39 ஜிபி, அந்த காலத்துல என் ஹார்ட் டிஸ்க்கே 80 ஜிபி. அத வெட்டி ஒட்டி 1 மணி 50 நிமிஷமா ஆக்கினேன். காலி டிவிடி அட்டையில 4.7 ஜிபின்னு போட்டிருக்கும், ஆனா கம்ப்யூட்டர் 4.38ன்னு தான் காட்டும். கடைக்காரர் ஏமாத்திட்டாருன்னு நெனைக்காதீங்க, டிஸ்க் கம்பெனி ஆயிரம் ஆயிரமா எண்ணுது, விண்டோஸ் 1024 1024ஆ எண்ணுது, சரக்கு ஒண்ணுதான். 1 மணி 50 நிமிஷம்னா 6600 செகண்ட், மொத்த எடத்த செகண்டால வகுத்தா செகண்டுக்கு 5.7 மெகாபிட் வருது, அதுல ஆடியோவுக்கும் மத்த உபரிக்கும் கழிச்சா படத்துக்கு 5.2 நிக்கும், அது டீசன்ட்டான அளவு. டிவிடி வீடியோவுக்குள்ள படத்துக்கு உச்ச அளவே 9.8 தான். சில பேரு மூணு மணி நேரத்த ஒரே டிஸ்க்ல திணிச்சுட்டு "படம் கட்டம் கட்டமா தெரியுது"ன்னு ப்ளேயர திட்டுவாங்க, இந்த ஒரு வகுத்தல் கணக்க போட்டு பாத்திருந்தா முன்னாடியே தெரிஞ்சிருக்கும்.

இன்னொண்ணு, மினிடிவி படத்துல ஒவ்வொரு பிரேமும் ரெண்டு பாதியா இருக்கும், ஒத்தப்படை வரி ஒரு பாதி, ரெட்டப்படை வரி ஒரு பாதி. எந்த பாதி முதல்ல வரணும்னு ஒரு செட்டிங் இருக்கு. மினிடிவில ரெட்டப்படை வரி பாதி தான் முதல்ல. அத மாத்தி வச்சுட்டேன் போல, முதல் தடவ பாத்தப்ப ஐயர் கைய தூக்கினா கை முன்னாடி பின்னாடி துடிக்குது, கம்ப்யூட்டர் மானிட்டர்ல அது சுத்தமா தெரியல, பழைய டியூப் டிவில போட்டா தான் தெரிஞ்சுது. அதுல இருந்து டிவில போட்டு பாக்காம ஒரு டிஸ்க்கும் வெளிய அனுப்பறதில்ல.

சரி, மதுரைக்கு வருவோம். மதுரையில பெரியம்மா வீடு. அவங்க ப்ளேயர் 2001ல பெரியப்பா சிங்கப்பூர் போயிட்டு வந்தப்ப வாங்கினது, கனமா இரும்பு பொட்டி மாதிரி இருக்கும், கடை டிவிடி எல்லாம் அருமையா ஓடும். நான் குடுத்தத போட்டா ரெண்டு நிமிஷம் கரகரன்னு சுத்திட்டு "நோ டிஸ்க்". டிஸ்க்கே உள்ள இல்லங்குது! அதே டிஸ்க் பக்கத்து வீட்டு சின்ன ப்ளேயர்ல பிரமாதமா ஓடுது. பெரியம்மாவுக்கு ஒரே வருத்தம், "என் வீட்டுக்கு மட்டும் மட்டமான டிஸ்க்க குடுத்துட்டியா"ன்னு கேட்டாங்க, எனக்கு மூஞ்சி சுண்டிப் போச்சு.

நான் அவங்களுக்கு ரைட் பண்ணது டிவிடி ப்ளஸ் ஆர். மத்தவங்களுக்கு மைனஸ் ஆர். கடையில எது கெடச்சுதோ அத வாங்கினேன், ரெண்டும் ஒண்ணுதான்னு நெனச்சேன். பாக்க ஒண்ணுதான், ரெண்டுக்குள்ளயும் வேற வேற ஏற்பாடு. கடையில விக்கிற படத்து டிவிடி அச்சுல குத்தி எடுத்தது, பிளாஸ்டிக்லயே குழி குழியா இருக்கும். நாம வாங்கற காலி டிஸ்க்ல குழி கிடையாது, சாயம் தான் இருக்கு, லேசர் அந்த சாயத்த சூடாக்கி அங்கங்க கருக்குது, படிக்கும்போது அந்த கருத்த எடத்துல வெளிச்சம் கம்மியா திரும்பி வருது, ப்ளேயர் அத குழின்னு நெனச்சு படிச்சுக்குது. எழுதறதுக்கு லேசர் எங்க இருக்குன்னு தெரியணும்ல, அதுக்கு காலி டிஸ்க்ல முன்னாடியே ஒரு சுருள் பாதை போட்டிருப்பாங்க. மைனஸ்ல அந்த பாதையோட சுத்துக்கும் சுத்துக்கும் நடுவுல சின்ன சின்ன அடையாளம் இருக்கும், ப்ளஸ்ல பாதையோட நெளிவுலயே முகவரி ஒளிஞ்சிருக்கும். மைனஸ் ஆர் டிவிடி ஃபோரம்ங்கற கம்பெனி கூட்டமைப்பு பக்கத்துல இருந்து 1997ல வந்துச்சு, பயோனியர் கொண்டு வந்தது. ப்ளஸ் ஆர் ஃபிலிப்ஸ், சோனி, ஹெச்பி இவங்கெல்லாம் சேந்த இன்னொரு கூட்டணி, 2002ல தான் கடைக்கு வந்துச்சு. பெரியம்மா ப்ளேயர் 2001. அது பொறந்தப்ப இந்த டிஸ்க்கே உலகத்துல விக்கல.

டிஸ்க்கோட உள் வட்டத்துல "நான் இன்ன வகை"ன்னு ஒரு சின்ன எண் எழுதியிருக்கும், புக் டைப்னு சொல்லுவாங்க. பழைய ப்ளேயர் அத படிச்சுட்டு "இப்படி ஒரு வகைய எனக்கு தெரியாதே"ன்னு கைய விரிச்சுருது, அவ்வளவுதான் விஷயம். படத்த படிக்க அதுக்கு முடியாம இல்ல, வாசல்லயே திருப்பி அனுப்புது. இதுல ஒரு நல்ல விஷயம், ப்ளஸ் ஆர்ல அந்த எண்ண ரைட் பண்றதுக்கு முன்னாடி மாத்திக்கலாம், டிவிடி ரோம்னு, அதாவது கடை டிஸ்க்னு போட்டுக்கலாம், ரைட்டர் அத ஒத்துக்கணும். இம்க்பர்ன்ங்கற ரைட் பண்ற புரோகிராம்ல அதுக்குன்னே ஒரு பட்டன் இருக்கு. மைனஸ்ல இந்த வசதி இல்ல. நான் புக் டைப்ப மாத்தி இன்னொரு ப்ளஸ் ஆர் ரைட் பண்ணி மதுரைக்கு பஸ்ல கொண்டு போனேன். போட்டதும் மெனு வந்துச்சு. அத அந்த எடத்துல பெரியம்மா மூஞ்சிய பாத்துக்கிட்டே பாத்தது எனக்கு இன்னும் நல்லா ஞாபகம் இருக்கு.

தஞ்சாவூர்ல சித்தி வீட்டு கேஸ் வேற. அங்க ஓடுது, மெனு வருது, ஹோமம் வருது, எல்லாம் சரி, 1 மணி 25 நிமிஷம் தாண்டினா ஸ்டக். கட்டம் கட்டமா ஆகி அப்படியே நின்னுரும். தாலி கட்டுற எடமே அதுக்கு அப்புறம் தான் வருது. சித்தி துணிய வச்சு துடைச்சு துடைச்சு பாத்தாங்க, வட்டமா துடைச்சிருக்காங்க, நடுவுல இருந்து வெளிய நேரா துடைக்கணும், ஏன்னா வட்டமா கீறல் விழுந்தா ஒரே பாதையில நீளத்துக்கு டேட்டா போயிரும், குறுக்க விழுந்த கீறல்னா ஒவ்வொரு சுத்துலயும் கொஞ்சூண்டு தான் போகும், அத திருத்தம் பண்ற கணக்கு சமாளிச்சுக்கும். டிவிடில டேட்டாவ செக்டார்னு சின்ன சின்ன துண்டா எழுதியிருக்கும், அதுல 16 செக்டார சேத்து ஒரு கட்டா வச்சு, 32 கேபி, அதுக்கு நீளவாக்குலயும் குறுக்குவாக்குலயும் திருத்த எண் போட்டிருப்பாங்க, அதனால தான் கொஞ்சம் கீறலோட டிஸ்க் ஓடுது.

ஆனா சித்தி டிஸ்க்குக்கு கீறல் காரணம் இல்ல. நான் 16 எக்ஸ் வேகத்துல, அதாவது டிவிடியோட அடிப்படை வேகத்துக்கு 16 மடங்குல ரைட் பண்ணியிருந்தேன், அவசரம், அன்னைக்கு சாயங்காலம் கூரியர் போடணும். இத நல்லா கவனிங்க. 16 எக்ஸ்னு போட்டிருந்தாலும் டிஸ்க் முழுக்க 16 எக்ஸ்ல எழுதாது, ரைட்டர் ஒரே சுத்து வேகத்துல சுத்தும், உள் வட்டத்துல 6 எக்ஸ் 7 எக்ஸ்ல ஆரம்பிச்சு வெளிய போக போக ஏறி, கடைசி ஓரத்துல தான் 16 எக்ஸ தொடும். டிவிடி உள்ள இருந்து வெளிய தான் எழுதும், அப்ப படத்தோட கடைசி பகுதி எல்லாம் ஓரத்துல, உச்ச வேகத்துல. காலி டிஸ்க்கோட ஓரம் தான் சாயம் சீரா படியாம போகறதுக்கும் லேசா வளையறதுக்கும் வாய்ப்பு அதிகமான எடம், நாம கையில புடிக்கறதும் ஓரத்துல தான். எல்லா பலவீனமும் ஒரே எடத்துல சேருது, அந்த எடத்துல எங்க குடும்பத்துக்கு தாலி கட்டு இருந்துச்சு. கவர் இல்லாம லூஸா வித்த விலை குறைஞ்ச டிஸ்க் வேற. என் ரைட்டர்ல படிச்சு பாத்தா படிச்சுருச்சு, கம்ப்யூட்டர் டிரைவ் தடுமாறினா வேகத்த குறைச்சுக்கிட்டு திரும்ப திரும்ப முயற்சி பண்ணும், ஹால் ப்ளேயருக்கு அவ்வளவு நேரம் கெடையாது, படம் ஓடிக்கிட்டே இருக்கணும்ல. அதனால "என் கம்ப்யூட்டர்ல ஓடுதே"ங்கறது ஒரு பரிசோதனையே இல்ல.

8 எக்ஸ்ல நல்ல டிஸ்க்ல மறுபடி ரைட் பண்ணேன், ஆறு நிமிஷத்துக்கு பதிலா ஒம்போது பத்து நிமிஷம் ஆகும், நாலு நிமிஷ அவசரத்துக்கு தான் இவ்வளவு பாடும். இன்னும் மெதுவா 1 எக்ஸ் 2 எக்ஸ்ல பண்ணா இன்னும் நல்லதுன்னு சில பேரு சொல்லுவாங்க, அது சரியில்ல, 16 எக்ஸ் டிஸ்க்கோட சாயம் வேகத்துக்குன்னே செஞ்சது, ரொம்ப மெதுவா போனா சூடு வேற மாதிரி விழுது. 8 எக்ஸ் தான் எனக்கு எப்பவும் சரியா வந்துச்சு. இன்னொண்ணு, படத்த டிஸ்க் விளிம்பு வரைக்கும் நெறைக்காம 4.2 ஜிபிக்குள்ள நிறுத்திக்கிட்டேன், அந்த கடைசி ஓரத்த சும்மா விட்டுட்டேன்.

கரண்ட் கதையையும் இங்க சொல்லியே ஆகணும். 2008ல தமிழ்நாட்டுல கரண்ட் கட் எப்படி இருந்துச்சுன்னு தெரியும். ரைட் ஓடிக்கிட்டு இருக்கும்போது கரண்ட் போனா டிஸ்க் போச்சு, ஆர் டிஸ்க்ல அழிச்சு எழுத முடியாது. டேட்டா வரத்து தடைபட்டா நிறுத்தி மறுபடி விட்ட எடத்துல இருந்து எழுதற வசதி ரைட்டர்ல 2000லயே வந்துருச்சு, ஆனா அது டேட்டா வரலேன்னா தான், கரண்டே வரலேன்னா ஒண்ணும் செய்யாது. யுபிஎஸ் வாங்கற வரைக்கும் கட்டு முடிஞ்சு கரண்ட் வந்த அடுத்த நிமிஷமே ரைட்ட ஆரம்பிச்சுருவேன், அடுத்த கட்டு வர்றதுக்குள்ள மூணு டிஸ்க் முடிச்சரலாம்.

நியூ ஜெர்சியில மதினி, மாமாவோட மூத்த பொண்ணு. அவங்களுக்கு டிஸ்க் போயி சேந்ததும் போன், "திரையில ஏதோ ஃபார்மேட் சரியில்லன்னு வருதுடா". ரீஜன் கோடு, அதாவது எந்த நாட்டு ப்ளேயர்ல ஓடலாம்ங்கற பூட்டு தான் காரணம்னு அவங்க வீட்டுக்காரர் சொல்லியிருக்காரு, நம்ம ஊரு ரீஜன் 5, அங்க 1. அது இல்ல. வீட்ல ரைட் பண்ற டிஸ்க்ல நாமளா பூட்டு போட்டா தான் ரீஜன், போடலேன்னா எல்லா ஊருக்கும் பொது. இது பால், என்டிஎஸ்சி பிரச்சன, டிவி படத்துக்கான ரெண்டு முறை, நம்ம ஊருல பால், அங்க என்டிஎஸ்சி. நம்ம ஊரு டிவி 576 வரி, செகண்டுக்கு 25 பிரேம், அங்க 480 வரி, 29.97 பிரேம். நம்ம ஊரு ப்ளேயர் ரெண்டையும் ஓட்டும், அங்க விக்கறதுல பல ப்ளேயர் பால ஏத்துக்காது. "லேப்டாப்ல விஎல்சில போடுங்க மதினி"ன்னு சொன்னேன், ஓடிருச்சு. கம்ப்யூட்டருக்கு இந்த வரி கணக்கெல்லாம் ஒரு பொருட்டே இல்ல.

தூத்துக்குடி சித்தப்பா வீட்டுக்கு நான் டிஸ்க்கா குடுக்கல, அவரு பையன் ஹார்ட் டிஸ்க்ல வீடியோ டிஎஸ் ஃபோல்டர, அதாவது டிவிடியோட ஃபைல் எல்லாம் இருக்கற ஃபோல்டர அப்படியே காப்பி பண்ணிட்டு போயி அவன் லேப்டாப்லயே ரைட் பண்ணான். லேப்டாப்ல எல்லா ஃபைலும் தெரியுது, ஓடுது, ப்ளேயர்ல போட்டா "தப்பான டிஸ்க்". சித்தப்பா ப்ளேயர் புதுசு, அதனால மதுரை மாதிரி இல்ல. நான் போயி பாத்தேன், டிஸ்க் மைனஸ் ஆர், வேகம் 4 எக்ஸ், நல்ல கம்பெனி, எல்லாம் சரி.

அவன் லேப்டாப்ல விஸ்டா. காலி டிஸ்க்க போட்டதும் அது ரெண்டு வழி கேக்கும், பென் டிரைவ் மாதிரி பயன்படுத்தவா, இல்ல ப்ளேயர்ல ஓடற மாதிரி கடைசியில மொத்தமா எழுதவான்னு. முதல்ல இருக்கறத அவன் அமுக்கிட்டான், எல்லாரும் அதத்தான் அமுக்குவோம். அப்ப டிஸ்க்ல புது மாதிரி யுடிஎஃப், அதாவது டிஸ்க்ல ஃபைல அடுக்கற ஒரு முறை, வந்து உக்காந்துக்குது, அது கம்ப்யூட்டருக்கு வசதியானது, தப்பே இல்ல. ஆனா டிவி ப்ளேயர் தேடறது யுடிஎஃப் 1.02, 1996ல டிவிடி வந்தப்ப முடிவு பண்ண ஒண்ணு.

பழைய யுடிஎஃப்ல போட்டாலும் ஃபைல இழுத்து விட்டா மட்டும் போதாது. இது எனக்கு ரொம்ப புடிச்ச எடம், கொஞ்சம் பொறுமையா படிங்க. வீடியோ டிஎஸ் உள்ள மூணு வகை ஃபைல் இருக்கும். விஓபி தான் படமும் சத்தமும், ஒண்ணொண்ணு 1 ஜிபிக்கு மேல போகாது. ஐஎஃப்ஓ தான் வழிகாட்டி, எந்த காட்சி டிஸ்க்ல எந்த செக்டார்ல இருக்குன்னு அதுல எழுதியிருக்கும். பியூபி அந்த ஐஎஃப்ஓவோட நகல், கீறல் விழுந்தா உதவும்னு வச்சது. ப்ளேயர் ஃபைல் பேர பாத்து தேடறத விட செக்டார் நம்பர வச்சு நேரா அங்க போயி நிக்கும். அதனால ஐஎஃப்ஓ, அப்புறம் விஓபி, அப்புறம் பியூபின்னு வரிசையா ஒட்டி எழுதியிருக்கணும், வரிசை மாறினா வழிகாட்டி சொல்ற எடத்துல வேற ஏதோ இருக்கும். அது மட்டும் இல்ல, ஐஎஃப்ஓவும் பியூபியும் நான் மேல சொன்ன அந்த 32 கேபி கட்டுல ஒரே கட்டுக்குள்ள வந்துரக் கூடாது, ஒரே கட்டு கெட்டா மூலமும் நகலும் சேந்து போயிரும்ல! இத யோசிச்சு வச்சவங்கள நெனச்சா எனக்கு நெஜமாவே மரியாதை வருது. இம்க்பர்ன், டிவிடி ஃப்ளிக், நீரோ மாதிரி புரோகிராம்ல "டிவிடி வீடியோ"ன்னு தேர்ந்தெடுத்தா இதெல்லாம் அதுவே பாத்துக்கும். தம்பிக்கு நான் ஐஎஸ்ஓவா செஞ்சு குடுத்தேன், ஐஎஸ்ஓன்னா டிஸ்க்கோட மொத்த உருவம் ஒரே ஃபைல்ல, வரிசை எதுவும் மாறாது. அதுக்கப்புறம் நான் யாருக்கும் ஃபோல்டர் குடுக்கறதில்ல.

ஏவிஐ ஃபைல, அதாவது கம்ப்யூட்டர்ல ஓடற சாதாரண வீடியோ ஃபைல, டேட்டா டிஸ்க்கா போட்டா ஓடுமான்னு கேப்பாங்க. டிவ்எக்ஸ்னு முகப்புல எழுதியிருக்கற ப்ளேயர்ல ஓடும், நம்ம ஊருல விலை குறைஞ்ச ப்ளேயர்லயே நெறய அது இருந்துச்சு. ஆனா அது டிவிடி வீடியோ இல்ல, ப்ளேயர் தன்னோட தயவுல ஓட்டறது. பெரியம்மா வீட்டு இரும்பு பொட்டியில அது நடக்காது.

இப்ப அஞ்சாவது வீடு, மாமா வீடு, பாளையங்கோட்டை. பெரிய வீடியோ டிஸ்க் அங்க நல்லாவே ஓடுச்சு. ஓடாதது அத்தானோட ஹேண்டிகேம் டிஸ்க், சின்னது, 8 சென்டிமீட்டர், 1.4 ஜிபி, சாதாரண தரத்துல அரை மணி நேரம் புடிக்கும். 2008ல ஒரு தடவ ப்ளேயர்ல போட்டு பாத்திருக்காங்க, ஒண்ணும் வரல, கம்ப்யூட்டர்ல போட்டா காலி டிஸ்க்னு காட்டுது, "பதிவே ஆகல போல"ன்னு கேமரா பைக்குள்ள போட்டுட்டாங்க. 2010ல ஆச்சி தவறிட்டாங்க. பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு எல்லாரும் உக்காந்திருக்கும்போது அத்தை தான் சொன்னாங்க, "அன்னைக்கு திருக்கடையூர்ல பாடினாங்கல்ல, அத அவன் கேமராவுல புடிச்சான்ல, அது எங்க?"

அத்தான் அந்த டிஸ்க்க எடுத்துட்டு வந்து "காலி தான்டா இது, வேற ஏதாச்சும் எழுதிக்கோ"ன்னு என் கையில குடுத்தாரு. நான் டியூப் லைட் கீழ சாய்ச்சு பாத்தேன். டிஸ்க்கோட அடிப்பக்கம் ரெண்டு நெறமா இருந்துச்சு, உள்ள இருந்து முக்கால்வாசி தூரம் வரைக்கும் கொஞ்சம் கருப்பா ஒரு வளையம், அதுக்கு வெளிய வெளிர். சாயம் கருகியிருக்கு. அதாவது லேசர் அங்க எழுதியிருக்கு! காலி டிஸ்க்ல அப்படி கோடு இருக்கவே இருக்காது. எனக்கு கை லேசா நடுங்குச்சு, "அத்தான் இது காலி இல்ல, யாரும் இதுல கை வைக்காதீங்க"ன்னு சொன்னேன்.

நடந்தது இதுதான், ஃபைனலைஸ் பண்ணல. கேமரா கொஞ்சம் கொஞ்சமா எழுதிக்கிட்டே போகும், எது வரைக்கும் எழுதியிருக்குன்னு உள் பக்கம் ஒரு தனி எடத்துல குறிச்சு வச்சுக்கும், அந்த கணக்கு நோட்டு எழுதற கருவிக்கு மட்டும் தான் தெரியும், ஹால் ப்ளேயர் அத படிக்கறதே இல்ல. ப்ளேயருக்கு டிஸ்க்கோட ஆரம்பத்துல ஒரு தொடக்க பகுதி, கடைசியில ஒரு முடிவு பகுதி, நடுவுல பொருளடக்கம் வேணும். ஃபைனலைஸ் அமுக்கினா தான் கேமரா அதெல்லாம் எழுதி மூடும். மூடாத டிஸ்க் மத்த கருவிக்கு காலி டிஸ்க் மாதிரியே தெரியும். படம் எல்லாம் உள்ள அப்படியே இருக்கு, வாசல் மட்டும் கட்டல.

அத்தானோட கேமராவுல மூடி உடைஞ்சு டிஸ்க்க ஏத்துக்கல. நான் முதல்ல ஐசோபஸ்டர் போட்டு பாத்தேன், அது டிஸ்க்கோட பொருளடக்கத்த நம்பாம செக்டார் செக்டாரா படிக்க பாக்கும். என் டெஸ்க்டாப் ரைட்டர் மறுத்துருச்சு, நண்பனோட இன்னொரு ரைட்டர் படிச்சுச்சு. ஒரு நாள் பூரா ஆச்சு. ஃபைனலைஸ்க்கு முன்னாடி படிச்சு வச்சுக்கணும்னு பிடிவாதமா இருந்தேன், ஏன்னா ஃபைனலைஸ்ங்கறதும் டிஸ்க்ல எழுதற வேலை தான், நடுவுல தடைபட்டா திரும்ப வழி இல்ல. அப்புறமா அதே கம்பெனி கேமரா ஒண்ணு தெரிஞ்சவங்க கிட்ட இரவல் வாங்கி, பேட்டரிய நம்பாம சார்ஜர் மாட்டி, யுபிஎஸ்ல இருந்து கரண்ட் எடுத்து ஃபைனலைஸ் அமுக்கினேன். அந்த சில நிமிஷம் வீட்ல யாரும் பேசல. முடிஞ்சதும் ப்ளேயர்ல போட்டோம், சின்ன டிஸ்க்க தட்டுல உள் வட்டத்துல வைக்கணும், இழுத்துக்கற மாதிரி வாய் வச்ச டிரைவ்ல 8 சென்டிமீட்டர் டிஸ்க்க போடவே கூடாது, உள்ள மாட்டிக்கும். பதினொரு துண்டு காட்சி, எட்டாவதுல ஆச்சி.

கத அங்க முடியல. அப்ப நான் அந்த காட்சி எல்லாத்தையும் வேற டிவிடில காப்பி போட்டு எல்லாருக்கும் குடுத்தேன், ஹார்ட் டிஸ்க்லயும் வச்சேன், அந்த ஹார்ட் டிஸ்க் 2016ல செத்துருச்சு. 2023ல மாமா வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது எல்லா டிஸ்க்கயும் மொத்தமா எடுத்து பாத்தேன். ஷோகேஸ்ல கண்ணாடிக்கு பின்னாடி சாயங்கால வெயில் படற எடத்துல பிளாஸ்டிக் பவுச்ல இருந்த மூணு டிஸ்க்கும் ஓரத்துல படிக்க திணறுச்சு, ஒண்ணுல காகித லேபிள் ஒட்டியிருந்தேன், அது ஒரு பக்கம் சுருங்கி டிஸ்க்கே லேசா வளைஞ்சிருந்துச்சு, அத ஒட்டினது என் தப்பு. பீரோவுக்குள்ள ஸ்பிண்டில் டப்பாவுல இருட்டுல இருந்தது எல்லாம் சுத்தமா படிச்சுச்சு, அதுல பாதி விலை குறைஞ்ச டிஸ்க் தான். என் வீட்டு அனுபவத்துல கம்பெனி பேர விட எங்க வச்சோம்ங்கறது பெருசா தெரிஞ்சுது.

ஆச்சி டிஸ்க்கோட காப்பி எல்லாம் யார் யாரோ வீட்ல காணாம போச்சு, மூலம் மட்டும் தான் கேமரா பைக்குள்ளயே இருந்துச்சு. இந்த தடவ லினக்ஸ்ல டிடிரெஸ்க்யூ போட்டேன். அது நல்லா இருக்கற பகுதிய முதல்ல வேகமா எடுத்துட்டு, திணற்ற எடத்த குறிச்சு வச்சுக்கிட்டு கடைசியில திரும்ப வரும், டிவிடிக்கு செக்டார் அளவு 2048னு சொல்லி குடுக்கணும். அந்த குறிப்ப ஒரு ஃபைல்ல வச்சிருக்கறதால அதே வேலைய இன்னொரு டிரைவ்ல விட்ட எடத்துல இருந்து தொடரலாம், இத விட பெரிய உதவி வேற இல்ல, ஏன்னா ஒரு டிரைவ் படிக்காதத இன்னொண்ணு படிக்கும். முதல் டிரைவ்ல நாப்பதுக்கு மேல கட்டு கெட்டிருந்துச்சு, ரெண்டாவதுல அது மூணு ஆச்சு. மூணும் விழுந்தது ஆறாவது துண்டுல, ஹோமப் புகைக்குள்ள யாரும் தெரியாத எடத்துல. எட்டாவது துண்டு முழுசா வந்துருச்சு.

அந்த ஐஎஸ்ஓ இப்ப ரெண்டு ஹார்ட் டிஸ்க்ல, ரெண்டு ஊருல இருக்கு, எம்டி5 எண்ணும், அதாவது ஃபைல் கொஞ்சம் கெட்டாலும் மாறிடற எண்ணும், கூடவே எழுதி வச்சிருக்கேன், வருஷத்துக்கு ஒரு தடவ பொங்கல் லீவுல எடுத்து எண் மாறாம இருக்கான்னு பாக்குறேன். செல்போன்ல அனுப்பறதுக்கு எம்பி4ஆவும் பண்ணேன், பேரப் பிள்ளைகளுக்கு அது போதும். அத்தைக்கு போதல. "போன்ல சின்னதா தெரியுதுடா, எனக்கு டிவில வேணும், அந்த பழைய பொட்டியில போடற மாதிரி குடு"ன்னாங்க. காலி டிஸ்க் இப்ப கடையில கேட்டா விசித்திரமா பாக்கறாங்க, மூணு கடை ஏறி இறங்கி ஒரு சின்ன டப்பா கெடச்சுது, மைனஸ் ஆர். 8 எக்ஸ், டிவிடி வீடியோ, எழுதினத சரிபார்க்கற ஆப்ஷனோட ரைட் பண்ணி, வீட்டு டிவில ஒரு தடவ முழுசா ஓட விட்டு பாத்துட்டு கூரியர் போட்டேன்.

ரெண்டு நாள் கழிச்சு அத்தை போன் பண்ணாங்க. "போட்டிருக்கேன்டா, சுத்துது"ன்னாங்க. அப்புறம் ஒண்ணும் பேசல. ப்ளேயரோட கரகர சத்தம் போன்லயே கேட்டுச்சு, அது நின்னதும் மண்டபத்து இரைச்சல், யாரோ பந்திக்கு கூப்பிடறது, பின்னாடி மெதுவா ஆச்சி தொண்டைய கனைச்சுட்டு பாட ஆரம்பிச்சாங்க. அத்தை போன வைக்கல, நானும் கட் பண்ணல.